அறிக்கையில் இல்லாத நிமிடம்

செவ்ரான்
27.09.2020, ஞாயிறு

அக்காவுக்கு,

நீங்கள் என் இலக்கத்தைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். புதன்கிழமை லா சப்பலுக்கு வந்து கதவைத் தட்டினேன். உள்ளே குக்கர் விசில் அடித்தது. ஆனாலும் வீட்டில் ஆள் இல்லை என்று நான் நம்ப வேண்டும். சரி. கடிதத்தைத் தடுப்பதற்குப் போனில் வசதி இல்லை, அதனால் கடிதம். முத்திரை எங்கே வாங்குவது என்று றொமேஷிடம் கேட்கவேண்டியிருந்தது. நீங்கள் என்னை வீட்டைவிட்டுப் போகச் சொன்ன நாளிலிருந்து அவனுடைய அறையில்தான் படுக்கிறேன்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். "கூடப்பிறந்தவனே காட்டிக் குடுத்திட்டான்" என்று கடைத்தெருவில் சொல்லித் திரிகிறீர்களாம். நான் காட்டிக் கொடுக்கவில்லை. அறிக்கை எழுதினேன். இரண்டும் வேறு வேறு. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். எதில் பொய் இருக்கிறது என்று நீங்களே காட்டுங்கள்.

ஓகஸ்ட் கடைசியில் நீங்கள் சமைக்கிற பள்ளிக்கூடத்தில் மூன்று ஆசிரியர்களுக்குக் கொரோனா. பிரெஞ்சு நாடு முழுக்கப் பள்ளிக்கூடங்கள் முகக்கவசத்தோடு திறக்க, உங்கள் யூதப் பள்ளிக்கூடம் மட்டும் திரையிலேயே வருடத்தைத் தொடங்குவதென்று முடிவெடுத்தது. "என்ரை தம்பி இந்த வேலைதான் செய்யிறவன்" என்று அதிபர் மதாம் பியட்றிஸிடம் சொன்னது நீங்கள். அவர் எங்கள் நிறுவனத்துக்குப் போன் அடித்தார். என்னை அனுப்பினார்கள். அதற்கு நன்றி, முன்பே சொன்னேன், திரும்பவும் சொல்கிறேன்.

ஐந்து நாள் தந்தார்கள். பதினொரு வகுப்பு, இருநூற்று அறுபது பிள்ளைகள். எபிரேய எழுத்து வலமிருந்து இடம் போகும் என்பது திரைப்பலகைக்குத் தெரியாது. முதலாம் வகுப்பு ஆசிரியை எழுதியதெல்லாம் இடம் வலம் மாறி விழுந்தது. அதைத் திருத்தினேன். சனிக்கிழமை ஓய்வுநாள் என்பது சேர்வருக்குத் தெரியாது; காலை ஒன்பது மணிக்கு இருநூற்று அறுபது வீட்டுக்கு வீட்டுப்பாடம் அனுப்பிவிட்டது. அதற்கும் ஏச்சு வாங்கினேன். அதையும் திருத்தினேன்.

பிறகு உங்கள் சமையலறை. பிள்ளைகள் வீட்டில் இருந்தாலும், தாய்மார் வைத்தியசாலையிலும் கடைகளிலும் வேலைக்குப் போகிற தொண்ணூறு பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு பெட்டியில் போகவேண்டும். யூதரல்லாதவர் அடுப்பை மூட்டினால் அந்தச் சாப்பாடு அவர்களுக்கு ஆகாது. அதைப் பார்த்துக்கொள்கிற மெசியே பெரெஸுக்கு எழுபத்தொரு வயது, ஒரு நுரையீரல். தினம் வர முடியாது. ஆகவே திங்கள் காலை வந்து பெரிய அடுப்பின் அடியில் எப்போதும் எரிகிற சின்னச் சுடரை மூட்டிவிட்டுப் போவார். கிழமை முழுக்க மற்ற அடுப்புகளை நீங்கள் அதிலிருந்து பற்றவைக்கலாம். மிச்சத்தை வீட்டிலிருந்து கமராவில் பார்ப்பார், சமையலறைத் திரையில் வந்து கதைப்பார். கமராவைச் சுவரில் பூட்டியது நான்.

பதினேழாம் தேதி வியாழன் 10.40க்கு இணைப்பு விழுந்தது. வகுப்பும் விழுந்தது, கமராவும் விழுந்தது. இருபது நிமிடம். ஆனால் கமரா தன் அட்டையில் படத்தைப் பதிந்துகொண்டே இருந்தது. தான் பார்க்காத அந்த இருபது நிமிடத்தில் என்ன நடந்தது என்று பெரெஸ் எழுத்தில் கேட்டார். பார்த்தேன். எழுதினேன். "10.42: திறந்திருந்த யன்னல் காற்றில் சுடர் அணைந்தது. 10.44: சமையலறை ஊழியர் லைட்டரால் மூட்டினார்." இரண்டு வரி. உங்கள் பெயர்கூட இல்லை.

அந்தச் சமையலறையில் இருந்தது நீங்கள் ஒருவர்தான் என்பது என் பிழையா? வெள்ளி மாலை அவர்களுடைய புதுவருடம் என்பதும், வியாழன் சாப்பாடு அதற்கானது என்பதும், தொண்ணூறு வீட்டுக்குப் போன் எடுத்து, அந்தச் சாப்பாடு பட்ட சட்டி பானையைக் கொதிநீரில் போடச் சொல்லவேண்டி வரும் என்பதும் எனக்கு எப்படித் தெரியும்?

உங்களை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தது எனக்குச் சந்தோஷமில்லை. ஆனால் நான் பொய் எழுதவில்லை.

துஷ்யந்தன்


லா சப்பல்
4 ஒக்டோபர் 2020

துஷ்யந்தா,

குக்கர் விசில் அடித்தது. நான் உள்ளேதான் இருந்தேன். பருப்பு அவிந்தது, நீ தட்டினாய், நான் எழும்பவில்லை. இதையும் அறிக்கையில் சேர்த்துக்கொள்.

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். 10.40 இருக்கிறது. 10.42 இருக்கிறது. 10.44 இருக்கிறது. நடுவில் ஒரு நிமிடம் எங்கே போனது? கமராவுக்குக் காது இல்லை என்று நீதான் பூட்டும்போது சொன்னாய், குரல் பதியாது, படம் மட்டும்தான் என்று. நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றதைக் கமரா பார்த்திருக்குமே. அது உன் கண்ணில் படவில்லையா?

நீ மறந்திருந்தால் நான் எழுதுகிறேன்.

"தம்பி, திரையிலை பெரெஸின்ரை படம் போயிட்டுது. சுடரும் நூந்திட்டுது. என்ன செய்ய?"

"அக்கா, எனக்கு இஞ்சை பதினொரு வகுப்பு விழுந்து கிடக்கு."

"அவர் மூட்டின சுடரடா. நான் தொடக்கூடாது."

"நெருப்பு நெருப்புத்தான். லைட்டர் இருக்கோ இல்லையோ?"

"இருக்கு, ஆனா..."

"பத்தவைச்சிட்டு வேலையைப் பாருங்கோ. உங்கடை சாமிப் பிரச்சினைக்கு எனக்கு நேரமில்லை."

வைத்துவிட்டாய். இவ்வளவுதான் அந்த நிமிடம்.

ஏன் பெரெஸுக்குப் போன் எடுக்கவில்லை என்று கேட்பாய். ஊரே கேட்கிறது. இரண்டாம் கிழமையும் ஒருக்கால் சுடர் நூந்தது. நான் அவருக்கு எடுத்தேன். மனிதர் சார்செலிலிருந்து ரயிலில் ஓடி வந்தார், முகக்கவசத்துக்குள் மூச்சு அடைக்க அடைக்க. மூட்டிவிட்டு என் கதிரையில் அரை மணி நேரம் இருந்தார், உதடு நீலமாக. பிறகு மூன்று நாள் இருமினார். அந்த வியாழன் பெட்டி 11.45க்குப் போகவேண்டும். அவர் வந்து சேர ஒரு மணி நேரம். கோழி பாதி அவிந்து நிற்கிறது. மணித்தியாலத்துக்கு ஒருக்கால் யன்னலைத் திறந்துவிடச் சொல்லிச் சுவரில் சட்டம் ஒட்டியிருக்கிறது, திறந்தேன், காற்று வந்தது. தனியே நின்றேன். படித்தவன் ஒருவன் இருக்கிறானே என்று உன்னைக் கேட்டேன்.

நீ சொன்னதால் செய்தேன் என்று நான் தப்பப் பார்க்கவில்லை. லைட்டரை அமத்தினது என் கை. படம் திரும்பி வந்ததும் பெரெஸ் திரையில் கையை ஆட்டி, "எல்லாம் நல்லமோ றூபி?" என்று கேட்டார். நான் "ஓம்" என்றேன். அந்த ஓமுக்கு நான்தான் பொறுப்பு. நெருப்பு நெருப்புத்தான் என்று நீ சொல்லலாம். கோயில் மடப்பள்ளிக்குள் போய் நீ அடுப்பை மூட்டு, ஐயர் என்ன சொல்கிறார் என்று பார். எட்டு வருடமாக அந்தச் சமையலறையில் பால் கரண்டி வேறு, இறைச்சிக் கரண்டி வேறு என்று பிடித்தவள் நான். ஒரு நாள் பிசகவில்லை. பிள்ளைகள் பெட்டியைத் திறந்துகொண்டு திரையில் "மெர்சி றூபி" என்று நன்றி சொல்லிக் கத்துவார்கள். மூன்றாம் வகுப்பில் ஒருத்தி தன் ஆமையையும் தூக்கிக் காட்டுவாள், அதுவும் மெர்சி சொல்கிறதாம்.

இனி எனக்கு வேண்டியதைச் சொல்கிறேன். பதின்மூன்றாம் தேதி செவ்வாய் என்னை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். நவம்பர் பத்தொன்பது பிரெபெக்சர் கந்தோரில் என் வதிவிட அட்டை புதுப்பிக்கச் சந்திப்பு. உனக்கு பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்து ஆறு வருடம், உனக்கு இதெல்லாம் மறந்துபோயிருக்கும். என் அட்டையில் "வேலைசெய்பவர்" என்று எழுதியிருக்கிறது. அந்த வேலை இல்லாவிட்டால் அந்த அட்டை என்ன சொல்லும்?

செவ்வாய்க்கு முன் மதாம் பியட்றிஸுக்கு ஒரு வரி எழுது. "10.43: அக்கா என்னைக் கேட்டா, நான் மூட்டச் சொன்னேன்." வேறொன்றும் வேண்டாம். அவசரத்தில், தொழில்நுட்பம் தெரிந்தவன் சொல்லி ஒருத்தி செய்தாள் என்றால் அது வேறு. தன்பாட்டில் ஒளித்துச் செய்தாள் என்றால் அது வேறு.

ஒரு வரி, தம்பி.

வசந்தரூபி


செவ்ரான்
9.10.2020

அக்கா,

கடிதம் கிடைத்தது. நாலு பக்கம். விஷயம் ஒரு வரி.

ஓம், நான் சொன்னேன். மறக்கவில்லை. போனின் அழைப்புப் பட்டியலில் பதிவு இருக்கிறது, முப்பத்தெட்டு விநாடி. அந்த நேரம் மூன்று ஆசிரியைகள் ஒரே தடவையில் என் காதுக்குள் கத்திக்கொண்டிருந்தார்கள். ரவுட்டரே என்னிடம் வந்து கேட்டிருந்தாலும் அதே பதில்தான் சொல்லியிருப்பேன்.

அறிக்கையில் ஏன் எழுதவில்லை என்று கேட்கிறீர்கள். கமரா என்ன பதிந்தது என்றுதான் என்னிடம் கேட்டார்கள். குரல் பதியவில்லை. நீங்கள் போன் பிடித்தது தெரியும், யாரோடு பேசினீர்கள் என்று படத்தில் தெரியாது. ஆகவே எழுதவில்லை. இது சரியான விளக்கமா என்று கேட்டால், இல்லை. எனக்கே தெரியும். எழுதும்போது அந்த இடத்தில் கை நின்றது. பிறகு தாண்டிப் போய்விட்டது.

இப்போது என் பக்கத்தைக் கேளுங்கள். எனக்குப் பரீட்சார்த்த காலம் ஒக்டோபர் முப்பதோடு முடிகிறது. அதுவரை ஒரு காரணமும் சொல்லாமல் என்னை அனுப்பலாம். வாடிக்கையாளரின் சமையலறைக்கு, அதுவும் அவர்களுடைய சமய விஷயத்தில், உத்தரவு கொடுத்த தொழில்நுட்பவியலாளன் என்று தெரிந்தால் ரோமன் என்னை அன்றைக்கே வெளியே விடுவான். ரோமன் என் மேலாளர், நல்லவன், ஆனால் பயந்தவன். நான் ஏழு மாதம் வேலை தேடினேன், நீங்கள் பார்த்தீர்கள். நூற்றுப்பத்து விண்ணப்பம். பெயரைப் பார்த்தே மூடினார்கள்.

முப்பதாம் தேதிக்குப் பிறகு சொல்கிறேன். எழுத்தில் சொல்கிறேன். அழைப்புப் பதிவையும் சேர்த்து அனுப்புகிறேன். மூன்று கிழமைதான்.

செவ்வாய்க்கிழமை உங்களுக்குச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: மூட்டினேன், மன்னியுங்கள். நீங்கள் வேண்டுமானால் என் பெயரைச் சொல்லுங்கள். நான் தடுக்கவில்லை. ஆனால் சொன்னால் இரண்டு பேருக்கும் வேலை போகும், சொல்லாவிட்டால் ஒருவருக்கு மட்டும் சந்தேகம். கணக்கு எனக்கு அப்படித்தான் வருகிறது. வேறு மாதிரி வந்தால் காட்டுங்கள்.

உங்களுக்குப் பிரெஞ்சு தடுமாறினால் மொழிபெயர்க்க ஒருவரைக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. நான் வர முடியாது, ஏனென்று தெரியும்.

துஷ்யந்தன்


லா சப்பல்
18 ஒக்டோபர் 2020

துஷ்யந்தா,

உன் கணக்குச் சரி. நான் உன் பெயரைச் சொல்லவில்லை.

இனி ஆறுதலாக இருந்து வாசி. இதில் நீ செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது.

செவ்வாய் காலை போனேன். பிள்ளைகள் திரும்பவும் பள்ளிக்கு வந்துவிட்டார்கள், முற்றம் நிறையச் சத்தம். அதிபரின் அறையில் நாலு பேர். மதாம் பியட்றிஸ், கணக்குப் பார்க்கிற மர்கரீத், பெற்றோர் சங்கத்திலிருந்து ஒருவர், பெரெஸ். எல்லோருக்கும் நடுவில் கண்ணாடித் தட்டி. மொழிபெயர்க்கப் பக்கத்துக் கடைத் துஷாந்தியைத்தான் கூட்டிக்கொண்டு போனேன். அவள் கடையைப் பூட்டிவிட்டு வந்தாள், நீ எழுதின உரிமை அவளுடைய அரை நாள்.

மதாம் கேட்டா, "மூட்டினது நீங்களோ?"

"ஓம்" என்றேன்.

"மூட்டக்கூடாதென்று தெரியுமோ?"

"ஓம்."

"பிறகு ஏன் மெசியே பெரெஸுக்குச் சொல்லயில்லை?"

"பயம்" என்றேன். அந்தச் சொல் எனக்குப் பிரெஞ்சில் வரும். துஷாந்தி தேவைப்படவில்லை.

அப்போது பெற்றோர் சங்கத்து மனிதர் குனிந்து படத்தைப் பார்த்தார். "இதிலை போனோடை நிக்கிறா. ஆரோடை கதைச்சவ?"

பெரெஸ் என்னை நிமிர்ந்து பார்த்தார். "றூபி, எனக்கு எடுத்துப் பாத்தனியோ? என்ரை போன் அடிக்கயில்லையே. ஆருக்கும் எடுத்தனியோ?"

துஷ்யந்தா, அந்த நேரம் உன் நூற்றுப்பத்து விண்ணப்பமும் என் கண்ணுக்கு முன்னால் வந்தது. குசினி மேசையில் இருந்து நீ அனுப்பினது, நான் தேத்தண்ணி வைத்துத் தந்தது.

"ஒருத்தருக்கும் எடுக்கயில்லை" என்றேன். "எடுப்பம் எண்டு போனைத் தூக்கினன். பிறகு எடுக்கயில்லை."

அவர் தலையை ஆட்டினார். பிறகு எழும்பி நின்று கதைத்தார். உட்கார்ந்தே கதைக்கலாம், அந்த மனிதருக்கு நிற்க மூச்சு வாங்கும். ஆனாலும் நின்றார். "எட்டு வருசமா இவவின்ரை வாயை நம்பித்தான் நான் அந்தச் சமையலறையிலை இருந்து வெளியிலை போறனான். கமராவை நம்பி இல்லை. கமரா வந்தது போன மாதம். தனிய நிண்ட மனிசி, என்ரை நெஞ்சை நினைச்சு எனக்கு எடுக்கயில்லை. முதல் நாள் ஓம் எண்டது பயத்திலை. கேட்ட உடனை ஒத்துக்கொண்டா. ஆரிலையும் பழி போடயில்லை. இவவை அனுப்பினா எனக்கு இன்னொரு றூபியை ஆர் தேடித் தருவினம்?"

மர்கரீத் மூக்கைத் துடைத்தா.  வெளியே வரும்போது மதாம் எனக்கு மட்டும் கேட்க மெல்லச் சொன்னா: நவம்பர் பதின்மூன்றுக்குள் முடிவு, எழுத்தில் ஓர் எச்சரிக்கை, பிறகு சனவரியில் திரும்ப வேலை. அந்தத் தாளைக் கொண்டு பத்தொன்பதாம் தேதி நான் பிரெபெக்சருக்குப் போகலாம்.

ஆகவே நீ செய்யவேண்டியது: ஒன்றும் செய்யாதே. உன் ஒரு வரி இனி வேண்டாம். அந்த வரிக்கு ஒரு நாள் இருந்தது, அது போய்விட்டது. இப்போது நீ வாயைத் திறந்தால் நான் நாலு பேருக்கு முன்னால் சொன்னது பொய். விளங்குகிறதா? முப்பதாம் தேதி வரட்டும், போகட்டும். உன் வேலையை வைத்துக்கொள். சந்தோஷமாக வைத்துக்கொள். நான் சொன்ன பொய்யை நான் சுமக்கிறேன், அது எனக்கும் பெரெஸுக்கும் நடுவில். அதைச் சொல்வதென்றால் ஒருநாள் நானே அவருக்குச் சொல்வேன்.

இன்று ஞாயிறு, நண்டு வாங்கினேன். பழக்கத்தில் இரண்டு பேருக்கு வாங்கிவிட்டேன். நீ வா என்று எழுதவில்லை. வாங்கினேன் என்றுதான் எழுதுகிறேன்.

அக்கா


செவ்ரான்
31.10.2020, சனி

அக்கா,

நேற்று ரோமன் கூப்பிட்டு என் வேலையை நிரந்தரமாக்கிய தாளைத் தந்தான். இன்று காலை மதாம் பியட்றிஸுக்கும் பெரெஸுக்கும் மின்னஞ்சல் அனுப்பினேன். ஓய்வுநாள், தெரியும். மின்னஞ்சலுக்குக் கிழமை கிடையாது. இரவு திறந்து பார்க்கட்டும்.

நீங்கள் வேண்டாம் என்று எழுதியதை வாசித்தேன். அதை நீங்கள் பயத்தில் எழுதியிருக்கிறீர்கள். நான் ஒன்பதாம் தேதி எழுதினேன், முப்பதுக்குப் பிறகு சொல்வேன் என்று. சொன்னதைச் செய்யாவிட்டால் நான் யார்? மூன்று கிழமையாக எனக்கு நித்திரை இல்லை. றொமேஷ் சாட்சி. ஒரு பிழையான பதிவு கிடக்கிறது, அதைத் திருத்தாமல் என்னால் வேறு வேலை பார்க்க முடியவில்லை, நான் அப்படித்தான்.

சுருக்கமாக எழுதினேன். 10.43க்கு அக்கா என்னை அழைத்தா, முப்பத்தெட்டு விநாடி, மூட்டச் சொன்னது நான், முதல் அறிக்கையில் இதை விட்டது என் பிழை, முழுப் பொறுப்பு என்னுடையது. அழைப்புப் பதிவை இணைத்தேன். ரோமனுக்கும் பிரதி போட்டேன். போன் எடுத்துச் சலித்துக்கொண்டான், அவ்வளவுதான். இனி என்னை இலகுவில் அனுப்ப முடியாது.

நீங்கள் விசாரணையில் ஒருவருக்கும் போன் எடுக்கவில்லை என்று சொன்னது என்னைக் காப்பாற்றத்தான் என்றும் எழுதினேன். அதைப் பார்த்தால் அவர்களுக்கு உங்கள் மேல் மதிப்பு கூடும். யாருக்குத்தான் கூடாது?

இப்போது எல்லாம் சரியாக இருக்கிறது. உண்மை முழுதாக மேசையில் இருக்கிறது. இனி அவர்கள் அநியாயம் செய்ய வழியில்லை.

பத்தொன்பதாம் தேதி பிரெபெக்சருக்கு நான் வருகிறேன். விடுமுறை எடுத்துவிட்டேன். உங்கள் பிரெஞ்சை வைத்துக்கொண்டு அங்கே தனியாக நிற்க வேண்டாம். வெளிநடமாட்டத் தடைக்கான அனுமதித்தாளும் அச்சடித்து வைத்திருக்கிறேன், உங்களுக்கும் சேர்த்து.

நண்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்கமாட்டேன். பதின்மூன்று நாளாகிவிட்டது.

துஷ்யந்தன்


லா சப்பல்
15 நவம்பர் 2020

துஷ்யந்தா,

பெரெஸ் ஒன்பதாம் தேதி திங்கள் எனக்குப் போன் அடித்தார். பள்ளி வாசலுக்கு வரச் சொன்னார், உள்ளே அல்ல. போனேன். இடைவேளை நேரம். கம்பிக்கு அந்தப் பக்கம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் என்னைக் கண்டுவிட்டு "றூபி, றூபி" என்று கத்தத் தொடங்கினார்கள். ஆமைக்காரி ஓடி வந்து கம்பியைப் பிடித்தாள். ஆசிரியை வந்து கூட்டிக்கொண்டு போனா.

பெரெஸ் இரண்டு மீற்றர் தள்ளி நின்றார். கொரோனாவுக்கு நின்றாரா, என்னிடமிருந்து நின்றாரா தெரியாது. உன் மின்னஞ்சலை அச்சடித்து மடித்து வைத்திருந்தார்.

"உன்ரை தம்பி நல்லவன்" என்றார். "உன்னில பாசம் வைச்சிருக்கிறான். வடிவா எழுதியிருக்கிறான்."

அந்தத் தாளைச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"எனக்கு அவனிலை கோவமில்லை. மூட்டினதுக்கும் உன்னிலை கோவமில்லை. பானையைக் கழுவலாம், றூபி. நாங்கள் கழுவிப்போட்டம். ஆனா நான் எழும்பி நிண்டு இவ பொய் சொல்லாதவ எண்டு கதைக்கேக்க, நீ பக்கத்திலை இருந்து கேட்டுக்கொண்டிருந்தனி."

"ஓம்" என்றேன்.

"பாத்தியோ. இப்ப நீ ஓம் எண்டு சொன்ன உடனை, இது ஓம்தானோ எண்டு எனக்குள்ளை ஒண்டு கேக்குது. பழைய ஆள் நான். என்ரை வேலை முழுக்க மற்றவையின்ரை ஓமை நம்பி நடக்கிற வேலை. தொண்ணூறு வீடு என்ரை வாயை நம்பிச் சாப்பிடுது, நான் உன்ரை வாயை நம்பினன். ஒவ்வொரு சட்டிக்கும் நிண்டு யோசிக்க என்னாலை ஏலாது. மூச்சும் இல்லை."

தம்பியைக் காப்பாற்றச் சொன்னேன் என்று நான் சொல்லவில்லை. அதை நீ ஏற்கெனவே எழுதிவிட்டாய், நான் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. ஒருநாள் நானே அவருக்குச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, அவர் என் கதிரையில் இருக்கும்போது, என் வாயால். நான் சொல்லியிருந்தால் அது நான் ஒத்துக்கொண்டது. நீ சொன்னதால் நான் பிடிபட்டது.

போகும்போது அவர் அழுதார் என்று நினைக்கிறேன். முகக்கவசத்தோடு ஒன்றும் சரியாகத் தெரியாது.

பன்னிரண்டாம் தேதி பதிவுத் தபால் வந்தது. துஷாந்தி வாசித்தாள். லைட்டரைப் பற்றி ஒரு வரிதான். மிச்சமெல்லாம் விசாரணையில் உண்மைக்கு மாறாகப் பதில் சொன்னது, நம்பிக்கை முறிந்தது, ஆகவே வேலை இல்லை. சாட்சிக்கு உன் அழைப்புப் பதிவை இணைத்திருக்கிறார்கள். முப்பத்தெட்டு விநாடி என்று துஷாந்தி வாசிக்கும்போது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது, பாவம், பயத்தில் வந்த சிரிப்பு.

உன் மேல் பிழை சொல்ல ஒருவரும் இல்லை. பெரெஸே நல்லவன் என்கிறார். உன் வேலை நிரந்தரம். உனக்கு நித்திரை வருகிறதா? வரும். திருத்திவிட்டாயே.

உண்மையைத்தானே சொன்னேன் என்று கேட்பாய். ஓம். சொன்னால் உனக்கு நட்டம் வரும் நாளில் நீ சொல்லவில்லை. எனக்கு மட்டும் நட்டம் வரும் நாளில் சொன்னாய். இரண்டு நாளும் அதே உண்மைதான்.

வியாழன் பிரெபெக்சருக்கு வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வராதே. அனுமதித்தாளை நானே எழுதிக்கொள்வேன். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர் ஏன் வேலை போனது என்று என்னைக் கேட்பார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், நான் இங்கே தொடர்ந்து இருக்க என்ன சொல்லவேண்டுமோ அதை நான் சொல்லவேண்டும். நீ பக்கத்தில் நின்றால் அதைத் திருத்துவாய்.

வசந்தரூபி